செட்டிநாடு லூப் போறீங்களா? முள்ளை உள்ள வச்சுக்கிட்டு டியூப் மாத்தாதீங்க

போன ஞாயித்துக்கிழமை ஆத்தங்குடி தாண்டி ரோட்டோரமா மூணு பசங்க சைக்கிளைக் கவுத்துப் போட்டு நின்னாங்க, ரெண்டு டியூப் ஏற்கனவே தரையில கிடக்கு, மூணாவதை உள்ள தள்ளிட்டு இருக்காங்க. ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் நின்ன அதே கோலம்.

ரூட் தெரியாதவங்களுக்கு: காரைக்குடில கிளம்பி குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, அங்கேருந்து உள்ரோட்டுல ஆத்தங்குடி, அப்புறம் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் வழியா திரும்பவும் காரைக்குடி. ஏறக்குறைய 50 கிலோமீட்டர், மூச்சு வாங்குற மேடுன்னு ஒண்ணும் கிடையாது. ஹெல்மெட், தண்ணி பாட்டில் பத்தியெல்லாம் இங்க பேசப்போறதில்ல, இந்த ரூட்டுல நாம பண்ற தப்புகள் மட்டும்தான், ஒவ்வொண்ணா.

முள்ளை எடுக்காம டியூப் மாத்துறது

இந்தப் பக்கம் பூரா சீமைக்கருவேலம். அந்த முள்ளு டயர்ல குத்தினதும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், பிடுங்கிப் போட்டுடலாம்னு நினைக்காதீங்க, ரப்பர் மட்டத்துக்கு ஒடிஞ்சு நுனி மட்டும் உள்ளயே நின்னுடும். வெளிய பார்த்தா கறுப்பா ஒரு புள்ளி, அதுவும் தெரிஞ்சா உண்டு. நாம என்ன பண்றோம், வெயில் ஏறுதேன்னு அவசரத்துல பழைய டியூப உருவிட்டு புதுசைப் போட்டு காத்தடிச்சுக் கிளம்பிடுறோம், 2 கிலோமீட்டர்ல திரும்ப புஸ்ஸுனு போயிடும்.

நான் அன்னிக்கு ரெண்டு டியூப் காலி பண்ணேன், ஒண்ணு 400 ரூபா. அதுக்கப்புறம் கானாடுகாத்தான் வரைக்கும் க்ளீட் ஷூவ (பெடல்ல மாட்டுறதுக்கு அடியில கட்டை வச்ச ஷூ) கையில தூக்கிக்கிட்டு வெறும் சாக்ஸோட சைக்கிளைத் தள்ளிட்டு வந்தேன். பஞ்சர் கடைல ஒரு பெரியவர், டியூபப் பார்க்கவே இல்ல, பனியன் வேஸ்ட்ட எடுத்து டயருக்கு உள்பக்கமா ஒரு சுத்து ஓட்டினார், ஒரு இடத்துல நூல் மாட்டுச்சு. அரைஞாண் கயித்துல தொங்கின முள்வாங்கிய எடுத்து ஒரே இழுப்பு. "முள்ளு உள்ளயே உக்காந்திருக்கு தம்பி, நீங்க எத்தன டியூப் மாத்தி என்ன?"ன்னார். நுனி எள்ளு அளவு கூட இல்ல.

அதனால முதல்ல துணி. விரலை விட்டுத் தடவாதீங்க, ஏறிடும். டயர் மேல இருக்குற கம்பெனி பேரை எப்பவும் வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டி வைங்க, டியூப்ல ஓட்டை வால்வுலேருந்து எத்தன சாண் தள்ளி இருக்கோ டயர்லயும் அந்த இடத்துலதான் முள்ளு இருக்கும், தேடுற வேலை பாதி மிச்சம். ஒரு முள்ளு கிடைச்சதோட நிறுத்தாம முழு சுத்தும் பாருங்க, எனக்கு ஒரே டயர்ல மூணு கிடைச்சிருக்கு.

இன்னொண்ணு, நம்ம டியூப்ல இருக்குறது பிரெஸ்டான்னு ஒல்லியான வால்வு, கிராமத்துக் கடை பம்பு அதுல பொருந்தாது. சுண்டுவிரல் நகம் அளவு பித்தளை அடாப்டர் ஒண்ணு பைல கிடக்கட்டும். அன்னிக்கு என்கிட்ட அது இல்ல, பெரியவர் முள்ளை எடுத்துக் கொடுத்தும் காத்தடிக்க முடியாம ஃப்ரெண்டு பைக்ல பம்பு எடுத்துட்டு வர்ற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் திண்ணைல உக்காந்திருந்தேன். இப்ப நினைச்சாலும் எரியுது.

அப்புறம் ஓட்டையக் கண்டுபிடிக்கணும்னு டியூப ஊருணில முக்கிடாதீங்க. குடிக்கிற தண்ணி, சத்தம் போடுவாங்க, போடணும்.

நிழல்னு கருவேல மரத்தடில நிறுத்துறது

மேல சொன்னதெல்லாம் ஆரம்பிக்கிற இடமே அதுதான்.

கிழக்கால கிளம்புறது

ஆடி மாசக் காத்து மேற்கேருந்து அடிக்கும், காலைல ஆறு மணிக்கு லேசா இருக்கும், வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். முதல்ல குன்றக்குடி பக்கம் போயிட்டா எதிர்காத்து பெருசா தெரியாது, ஆத்தங்குடிலேருந்து கிழக்கால திரும்புறப்ப முதுகுல தள்ளிவிடும். முதல்ல பள்ளத்தூர் பக்கம் போனவங்க பத்து மணிக்கு மேல குன்றக்குடிய நோக்கி மிதிக்கிறதப் பார்த்தா பாவமா இருக்கும்.

நெல்லு காயுற ரோடு

இறங்கித் தள்ளிட்டுப் போங்க.

க்ளீட் ஷூவோட வீட்டுக்குள்ள ஏறுறது

இங்க சுத்திப் பார்க்கப் போற செட்டிநாட்டு வீடுகள்ல தரைக்குப் பதிச்சிருக்குற ஆத்தங்குடி கல்லு சூளைல சுட்டது இல்ல, கண்ணாடி மேல கலர் சிமெண்ட்ட ஊத்தி, மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு, தண்ணில ஊற வச்சு எடுக்கறது. அந்த வழவழப்புல க்ளீட் பட்டா கீறலும் விழும், நீங்களும் விழுவீங்க. வாசல்லயே கழட்டிடுங்க.

கானாடுகாத்தான்ல ஒரு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருன்னா பின்வாசல் அடுத்த தெரு, எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கும், நான் ஒரு தடவை பின்வாசல் வழியா வெளிய வந்துட்டு சைக்கிளையும் ஷூவையும் காணோம்னு பதறி ரெண்டு தெரு ஓடினேன், வெறுங்காலோட, மே மாசத்துல.

அந்த மூணு பசங்களுக்கும் துணி ஓட்டிக் காமிச்சேன். முள்ளு கிடைச்சுது. ஆனா அடாப்டர் அவங்ககிட்டயும் இல்ல.