போன் இல்லாமலே சின்னத் திரையைச் சோதிக்கலாம்

பிரவுசர் ஜன்னலை 1280 பிக்சல் அகலத்தில் வைத்து, கண்ட்ரோலும் பிளஸ்ஸும் சேர்த்து அழுத்தி (மேக்கில் கமாண்டும் பிளஸ்ஸும்) ஜூமை 400 சதவீதத்துக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் உருவாக்கிய இணையப் பக்கம் 320 பிக்சல் அகலத் திரையில் எப்படி இருக்குமோ அப்படியே தெரியும்.

ஜூம் செய்யும்போது எழுத்து மட்டும் பெரிதாவதில்லை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ் கணக்கிடும் பிக்சலே நான்கு மடங்காகிறது. அதனால் பக்கத்துக்குக் கிடைக்கும் அகலம் 1280-இல் நான்கில் ஒரு பங்கு, திரை அகலத்தைப் பார்த்து வடிவமைப்பை மாற்றும் சிஎஸ்எஸ் நிபந்தனைகளான மீடியா குவெரிகளும் அதற்கேற்ப மாறிவிடும். ஜன்னலை இழுத்துச் சுருக்கிப் பார்க்கலாமே என்றால், பல பிரவுசர்கள் ஓரளவுக்கு மேல் சுருங்க விடாது. அப்புறம் இதில் இன்னொரு லாபமும் உண்டு: இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.1 விதிகளில் 1.4.10-ஆவது கேட்பதும் இதே 320 பிக்சல்தான். பக்கவாட்டில் ஸ்க்ரோல் செய்யாமல் படிக்க முடிந்தால், பார்வைக் குறைவால் ஜூம் செய்து படிப்பவர்களுக்கும் பக்கம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பெரிய அட்டவணை, வரைபடம் போன்றவற்றுக்கு அந்த விதியிலேயே விலக்கு உண்டு.

பக்கத்தைத் திரை அகலத்துக்கே பொருத்தும்படி போன் பிரவுசருக்குச் சொல்லும் வரியான வியூபோர்ட் மெட்டா டேகை மறந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. டெஸ்க்டாப் பிரவுசர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. போனிலோ பக்கம் சுமார் 980 பிக்சலுக்கு விரிந்து எறும்பு சைஸ் எழுத்தில் நிற்கும். விரலால் தொடும் பட்டன்களின் இடைவெளி, திரையில் எழும் கீபோர்டு, இவற்றுக்கும் நிஜ போன்தான் வேண்டும்.