எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: முடிவுக்கு முன் ஓர் ஒத்திகை

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்கள், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிக்க வேண்டிய உணவு முறையை இப்போதே சில வாரங்கள் பழகிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும் வரை மென்று, ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடங்கள் எடுத்துக்கொண்டு, புரத உணவை முதலில் உண்டு, தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடித்துப் பாருங்கள். இவற்றில் எது கடினமாக இருக்கிறது என்று குறித்து வைத்து, மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் தயங்காமல் சொல்லுங்கள்.

இச்சிகிச்சையின் ஒரு வகையான ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறக்குறைய 80 சதவீதம் நிரந்தரமாக அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனின் சுரப்பும் குறைவதால் தொடக்கத்தில் பசி அடங்கியிருக்கும். ஆனால் கவலையிலும் சலிப்பிலும் கொறிக்கும் பழக்கம் அதனால் தானாக மாறிவிடாது. சுருங்கிய இரைப்பையிலும் இனிப்புப் பானங்கள் எளிதாக இறங்கிவிடும் என்பதால், எடை மெல்லத் திரும்பக்கூடும். உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தவிர்த்துச் செல்லும்படி மாற்றும் பைபாஸ் என்ற மற்றொரு வகையைச் செய்துகொண்டவர்களுக்கோ அதே இனிப்பு படபடப்பையும் வியர்வையையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கலாம்.

2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், உடல் நிறை குறியீட்டெண் (BMI; கிலோவிலான எடையை மீட்டரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 35 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கும், இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் 30 முதலும், ஆசியர்களுக்கு 27.5 முதலும் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. எண் பொருந்துவது மட்டும் போதாது. வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையையும் விடாமல் தொடர முடியுமா என்பதையும் வீட்டாரோடு பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும்.