கிணறு இருக்கிற வீட்டில் பழைய உறைக்குழியை மாற்றும்போது

குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. தரை இல்லாத உறைக்குழியை (உறை இறக்கிய பழைய கழிப்பறைக் குழியை) செப்டிக் டேங்காக மாற்ற விண்ணப்பிக்கும் முன், வரைபடத்தில் உங்கள் கிணற்றோடு அண்டைவீட்டுக் கிணறுகளையும் குறித்து, தூரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். விண்ணப்பத்தின் பேரில் இடத்தைப் பார்க்க வருபவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். உறிஞ்சுகுழியிலிருந்து (தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) குடிநீர்க் கிணறு 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470.

ஐந்து பேருக்கு, இரண்டு ஆண்டுக்கொருமுறை கழிவெடுப்பதானால், தொட்டியின் உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம், 1.05 மீட்டர் நீராழம். மேலே 30 செ.மீ. காலியிடம். நீர் வெளியேறும் குழாய், கழிவு உள்ளே வரும் குழாயைவிட 5 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். இரண்டிலும் டீ (T வடிவ இணைப்புக் குழாய்) கட்டாயம், அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் 30 செ.மீ. இறங்க வேண்டும். டீ வைக்காமல் விட்டால் மேலே மிதக்கும் ஏடு அப்படியே உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் கண்களை அடைத்துவிடும். பிறகு எத்தனை முறை லாரி வைத்து உறிஞ்சினாலும் குழி நிரம்பிக்கொண்டேதான் இருக்கும்.

குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர மணலில் இன்னொரு சிக்கல். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது காலித் தொட்டி மிதந்து எழும்பக்கூடும். கான்கிரீட் தரை போட்டு, தண்ணீர் நிரப்பியே வையுங்கள். நிரப்பி 24 மணி நேரம் மட்டம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே மண் மூடுங்கள்.

பழைய குழிக்குள் ஆளை இறக்கவே கூடாது. விஷவாயு உயிரைப் பறிக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட. கழிவு உறிஞ்சும் லாரிக்கு 14420 அழையுங்கள்.