ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் தின்பண்டக் கேள்வி: ஒரே 'சாப்பிடுவேன்', மூன்று ஆங்கிலம்

ஐஈஎல்டிஎஸ் என்பது வெளிநாட்டில் படிக்க, வேலை பார்க்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வு. அதில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கும். பேச்சுத் தேர்வின் முதல் பகுதி 4 முதல் 5 நிமிடம். பெயர், அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததும் படிப்பு, வேலை, வீடு என்று தொடங்கி, அன்றாட வாழ்க்கையிலிருந்து ஓரிரு தலைப்புகளில் சின்னச் சின்னக் கேள்விகள் வரும். அப்படி வரக்கூடிய தலைப்புகளில் ஒன்று 'ஸ்நாக்ஸ்'. என்ன தின்பண்டம் பிடிக்கும், எப்போது சாப்பிடுவீர்கள், சின்ன வயதில் நிறையச் சாப்பிட்டீர்களா, அது உடம்புக்கு நல்லதா, உங்கள் ஊரில் எது பிரபலம் என்பதுபோலக் கேட்பார்கள்.

கேட்டதும் இது சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் தமிழ் பேசுபவர்கள் தடுக்கி விழக்கூடிய தலைப்பு இது. காரணம் சொற்பஞ்சம் அல்ல. 'சாப்பிடுவேன்' என்ற ஒரு வினைச்சொல்.

தமிழில் "தினமும் சாயங்காலம் டீயும் வடையும் சாப்பிடுவேன்" என்றால் இப்போதைய பழக்கம். "சின்ன வயசில் நிறைய கடலைமிட்டாய் சாப்பிடுவேன்" என்றால் பழைய பழக்கம். "நாளைக்குச் சாப்பிடுவேன்" என்றால் எதிர்காலம். வடிவம் ஒன்றுதான், எந்தக் காலம் என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று வடிவங்கள். அதை மறந்துவிட்டு நேராக மாற்றும்போதுதான் "டெய்லி ஈவினிங் ஐ வில் டிரிங்க் டீ" என்று வருகிறது. தேர்வாளரின் காதில் இது இனிமேல் குடிக்கப்போவதாக எடுத்த முடிவு போல விழும்.

இப்போதைய பழக்கத்துக்கு 'வில்' வேண்டாம். வெறும் நிகழ்கால வினை போதும்: "ஐ யூஷுவலி ஹேவ் டீ அரவுண்ட் ஃபைவ்." பழக்கம்தான், ஆனால் கட்டாயம் இல்லை என்றால் "ஐ டெண்ட் டு ஸ்நாக் வென் ஐம் ஸ்டடியிங்" என்று சொல்லலாம். விட்டுப்போன பழக்கத்துக்கு 'யூஸ்ட் டு': "ஐ யூஸ்ட் டு ஈட் எ லாட் ஆஃப் பீனட் பிரிட்டில்." இன்று மாலைக்கு, நாளைக்கு என்றால் மட்டும் 'வில்' அல்லது 'கோயிங் டு'.

இதில் 'யூஸ்ட் டு' தனிக் கவனம் கேட்கிறது. நம் ஊர் ஆங்கிலத்தில் "ஐ யூஸ்ட் டு ஈட் பிஸ்கட்ஸ் டெய்லி" என்று இன்றைய பழக்கத்துக்கே சொல்லிவிடுகிறோம். 'முன்பு சாப்பிட்டேன், இப்போது விட்டுவிட்டேன்' என்பதுதான் அதன் பொருள். அடுத்த வாக்கியத்திலேயே இன்று காலை தின்ற பிஸ்கட்டைப் பற்றிப் பேசினால் பதிலின் கோவையே குலைந்துபோகும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: வாக்கியத்தின் கடைசியில் 'பட் நாட் எனிமோர்' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் 'யூஸ்ட் டு' சரி. பொருந்தாவிட்டால் வெறும் நிகழ்காலம். சொல்லும்போது இரண்டு சொல்லும் ஒட்டி 'யூஸ்டு' என்றே ஒலிக்க வேண்டும். நடுவில் நிறுத்தத் தேவையில்லை.

இன்னும் இரண்டு வடிவங்களும் தவறாமல் எட்டிப் பார்க்கும். "சின்ன வயசிலிருந்து சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்பது "ஐ ஆம் ஈட்டிங் சின்ஸ் சைல்ட்ஹுட்" ஆகிவிடும். சொல்ல வேண்டியது "ஐவ் பீன் ஈட்டிங் இட் சின்ஸ் ஐ வாஸ் எ சைல்ட்." பழக்கம் இருக்கிறது என்பதை "ஐ ஆம் ஹேவிங் தி ஹேபிட்" என்பார்கள், "ஐ ஹேவ் எ ஹேபிட் ஆஃப்" என்பதே சரி. இந்தத் திருத்தங்களைத் தேர்வுக்கு முன் முடித்துவிட்டால் இலக்கண மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியும்.

மதிப்பெண் எங்கிருந்து வருகிறது

தேர்வாளர் பார்ப்பவை நான்கு: தடையின்றிக் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் துல்லியமும், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. நீங்கள் பழம் சாப்பிடுகிறீர்களா, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுகிறீர்களா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே ஆரோக்கியமானவராகக் காட்டிக்கொள்ள "ஐ ஒன்லி ஈட் சாலட்" என்று சொல்ல வேண்டாம். அடுத்து 'எப்போதெல்லாம்?' என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. உண்மையில் தின்பதைச் சொன்னால் நேரம், இடம், கூட இருந்தவர் எல்லாம் தானாக வந்து விழும்.

அதனால் தயாரிப்பை இங்கிருந்து தொடங்குங்கள். மூன்று நாட்களுக்கு, இரு வேளைச் சாப்பாட்டுக்கு இடையில் வாயில் போட்டது எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எங்கே, ஏன். பசியா, சலிப்பா, கூட்டாளி கூப்பிட்டதா? வாக்கியமாக எழுத வேண்டாம், சொற்கள் மட்டும் போதும். வாக்கியமாக எழுதினால் மனப்பாடம் ஆகிவிடும். மனப்பாடப் பதில் வேகத்திலும் ஏற்ற இறக்கத்திலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு பதிலும் இரண்டிலிருந்து நான்கு வாக்கியம், சுமார் 15 முதல் 20 நொடி. முதல் வாக்கியம் கேட்டதற்கு நேரான பதில். அடுத்தது ஒரு விவரம். பிறகு காரணமோ, விதிவிலக்கோ ஒன்று. இப்படி:

"ஐம் ரியலி ஃபாண்ட் ஆஃப் சுண்டல், விச் இஸ் பாய்ல்ட் சிக்பீஸ் டாஸ்ட் வித் கிரேட்டட் கோகனட் அண்ட் மஸ்டர்ட் சீட்ஸ். ஐ யூஷுவலி ஹேவ் எ ஸ்மால் பவுல் அரவுண்ட் ஃபைவ், பிகாஸ் வீ டோண்ட் ஹேவ் டின்னர் அண்டில் நைன்."

இரண்டே வாக்கியம். ஆனால் 'விச்' கொண்டு ஒரு விளக்கம், நேரம், அளவு, காரணம் எல்லாம் வந்துவிட்டன. சிறுவயதுக் கேள்விக்கு இறந்தகாலத்தில் தொடங்கி, இன்றோடு ஒப்பிட்டு முடிப்பது நல்லது. கால மாற்றத்தை நீங்கள் கையாள்வது அங்கே தெரியும்: "வென் ஐ வாஸ் அட் பிரைமரி ஸ்கூல், ஐ யூஸ்ட் டு பை பீனட் பிரிட்டில் ஃப்ரம் எ லிட்டில் ஷாப் பை தி கேட். தீஸ் டேஸ் ஐ ஹார்ட்லி எவர் ஹேவ் இட்." இதை அப்படியே ஒப்பிக்க வேண்டாம், கடை, மிட்டாய், வயது எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும்.

முறுக்கை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பெயரை மாற்றாதீர்கள். முறுக்கு முறுக்குதான், பஜ்ஜி பஜ்ஜிதான். பெயரைச் சொல்லி, உடனே ஒரு துண்டு விளக்கம் சேருங்கள். சொல் தெரியாத இடத்தில் சுற்றிச் சொல்லி விளங்க வைப்பது சொல்வளத்தில் மதிப்பெண் தரும் திறமை. பர்கர், பீட்சா என்று பேசுபவருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதே இல்லை. நம் பலகாரம் கையில் இருக்கும்போது அதைக் கைவிடுவது பெரிய இழப்பு.

விளக்கத்துக்கு ஓர் அச்சு: எந்த வகை, எதில் செய்தது, எப்படிச் சமைத்தது, வாயில் எப்படி இருக்கும். முறுக்குக்கு "எ கிரஞ்சி, ஸ்பைரல்-ஷேப்ட் ஸ்நாக் மேட் ஃப்ரம் ரைஸ் ஃப்ளார், டீப்-ஃப்ரைட்." வாழைக்காய் பஜ்ஜிக்கு "ஸ்லைசஸ் ஆஃப் கிரீன் பனானா டிப்ட் இன் கிராம் ஃப்ளார் பேட்டர் அண்ட் டீப்-ஃப்ரைட்." மெதுவடைக்கு "எ சேவரி டோனட் மேட் ஃப்ரம் கிரவுண்ட் லென்டில்ஸ், கிரிஸ்பி அவுட்சைட் அண்ட் சாஃப்ட் இன்சைட்." மிக்சர் என்று மட்டும் சொன்னால் 'கலவை' என்றுதான் கேட்கும்; "எ ஸ்பைசி மிக்ஸ் ஆஃப் ஃப்ரைட் நூடுல்-லைக் பிட்ஸ், பீனட்ஸ் அண்ட் லென்டில்ஸ்" என்றால் புரிந்துவிடும்.

'இனிப்பு, காரம்' என்று கடையில் நாம் பிரிக்கும் காரத்துக்கு ஆங்கிலம் 'ஸ்பைசி' அல்ல, 'சேவரி'. தேங்காய்ச் சுண்டலில் காரமே இல்லாவிட்டாலும் அது சேவரிதான். இந்த ஒரு சொல் தலைப்பு முழுவதும் கைகொடுக்கும்.

ஊரில் பிரபலமான தின்பண்டம் எது என்று கேட்டால் இந்தியா முழுவதற்கும் பதில் தேட வேண்டாம். "இன் மை பார்ட் ஆஃப் தி கன்ட்ரி" என்று தொடங்கிச் சுருக்கிக்கொள்ளுங்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இலும் மணப்பாறை முறுக்கு 2023இலும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் அந்தச் சட்டச் சொல்லை ஆங்கிலத்தில் தேடித் திணற வேண்டாம். "தி டவுன் இஸ் ஃபேமஸ் ஃபார் இட்" போதும்.

தமிழிலிருந்து நழுவி வருபவை

டீ போடுவதும் பஜ்ஜி போடுவதும் 'புட்' அல்ல, 'மேக்'. காபி சாப்பிடுவது 'ஈட்' அல்ல. 'டேக்'கும் வேண்டாம், 'ஹேவ்' எல்லாவற்றுக்கும் பொருந்தும். சுடச்சுட என்பது 'ஹாட் ஹாட்' ஆகாது, 'பைப்பிங் ஹாட்'. ஒரு பிளேட் பஜ்ஜி என்பது 'எ பிளேட் ஆஃப் பஜ்ஜிஸ்'. நடுவிலுள்ள 'ஆஃப்' விழக்கூடாது. 'ஒன் ஆஃப் மை ஃபேவரிட்' என்றால் பின்னால் 'ஸ்நாக்ஸ்' என்று பன்மை. 'அவுட்சைட் ஃபுட்', 'ஹோம்லி ஃபுட்', 'ஈட்டபிள்ஸ்' மூன்றும் இந்தப் பொருளில் பெரும்பாலும் நம் ஊர் வழக்கு. 'ஸ்ட்ரீட் ஃபுட்', 'ஹோம்-குக்ட் ஃபுட்', 'ஸ்நாக்ஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அளவுக்கு 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பீனட்ஸ்', 'எ கப்பிள் ஆஃப் பிஸ்கட்ஸ்'. லேசான பசிக்கு 'பெக்கிஷ்'. இரவுச் சாப்பாடுவரை தாங்குவதற்கு 'இட் கீப்ஸ் மீ கோயிங் டில் டின்னர்'. குறைத்துக்கொள்வதற்கு 'கட் டவுன் ஆன்'. பசியைக் கெடுப்பதற்கு 'ஸ்பாயில் மை அப்பிடைட்'. இவற்றில் உங்களுக்கு உண்மையாகவே பொருந்தும் நான்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' போன்ற மரபுத்தொடர்களை வலிந்து நுழைத்தால் ஒட்டாமல் தனியே தெரியும்.

உச்சரிப்பில், சொல் வல்லெழுத்தில் முடிந்தால் தமிழ் நாக்கு ஓர் உகரத்தைச் சேர்த்துவிடும். குற்றியலுகரப் பழக்கம் அது. கப் 'கப்பு' ஆகும், பாய்ல்ட் 'பாயில்டு' ஆகும், ஸ்நாக்ஸ் 'ஸ்நாக்ஸு' ஆகும். கடைசி மெய்யோடு வாயை மூடப் பழகுங்கள். ஸ்நாக்ஸின் நடுவே நாம் நீட்டும் 'ஆ'வும் ஆங்கிலத்தில் இல்லை. 'பேங்க்' என்னும்போது வாய் அகலும் அந்தக் குறில் ஒலிதான். காபியை நம் வீட்டு 'ப'வோடு சொன்னால் 'நகல்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகக் காதில் விழும். மேற்பல் கீழுதட்டைத் தொட்டு வரும் 'ஃப' வேண்டும். 'ஃப்ரைட்', 'ஃப்ரூட்' இரண்டுக்கும் அதே விதி. சாக்லெட்டுக்கு இரண்டே அசை, 'சாக்-லிட்'. வெஜிடபிளுக்கு மூன்று, 'வெஜ்-ட-புல்', அழுத்தம் முதலசையில்.

நொறுக்குத்தீனிப் பழக்கமே இல்லாதவர் அதையே பதிலாக்கலாம்: "டு பி ஆனஸ்ட், ஐ ரேர்லி ஸ்நாக், பிகாஸ் ஐ ஹேவ் எ பிக் பிரேக்ஃபஸ்ட் அண்ட் எ லேட் லஞ்ச்." வெறும் 'நோ' என்று நிறுத்தினால்தான் இழப்பு. கேள்வி விளங்கவில்லையென்றால் "சாரி, குட் யூ ரிப்பீட் தட்?" என்று கேட்டுவிடுங்கள், ஊகித்துத் தப்பான கேள்விக்குப் பதில் சொல்வதைவிட அது நல்லது. நடுவில் தேர்வாளர் குறுக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் பதறாதீர்கள். அவருக்கு நேரக் கணக்கு இருக்கிறது. அது தண்டனை இல்லை.

பயிற்சிக்குக் கைப்பேசி போதும். ஐந்து கேள்விகளை ஐந்து துண்டுத் தாளில் எழுதிக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து உடனே பேசிப் பதிவு செய்யுங்கள். யோசிக்க இரண்டு நொடிக்கு மேல் எடுக்காதீர்கள். முதல் முறை கேட்கும்போது 'வில்', 'யூஸ்ட் டு' மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை பன்மை 'ஸ்' விட்டுப்போன இடங்களை எண்ணுங்கள். மூன்றாம் முறை கடைசி உகரங்களை. மூன்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் பார்த்தால் பேச்சு தடுமாறும். மூன்று நாள் குறிப்பு முடிந்த நான்காம் நாள் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, அன்று மாலை உண்மையில் தின்றதைப் பற்றிப் புதிதாகப் பேசுங்கள்.