கரண்ட் பில் பூச்சியம் வேறு, வீடு பூச்சியம் வேறு: சோலார் போடும் வீடுகளில் நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சோலார் ஏற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பங்குனி மாதத்து நண்பகல். வெயில் கொளுத்துகிறது, கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “என்னகா தம்பி, கரண்ட் உங்கட கூரையிலதானே செய்யிறீங்க, உங்கட ஃபேனும் நிண்டிட்டா?”

நின்றுதான் போயிருந்தது. மேலே பத்துப் பனல் வெயிலில் காய, உள்ளே நாங்கள் ஓலை விசிறியை வீசிக்கொண்டிருந்தோம். பொருத்தியவர்கள் இதைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அதன் பிறகு களுவாஞ்சிகுடி முதல் அக்கரைப்பற்று வரை உறவினர் வீடுகள் ஏழெட்டில் சோலார் போடும்போது கூடப் போய் நின்றிருக்கிறேன். எங்கும் ஏறத்தாழ இதே பிழைகள்தான். காசு கட்டுமுன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாதிக்கு மேல் நடந்திராது.

நிகர பூச்சிய வீடு என்பது, ஒரு வருடத்தில் தான் செலவழிக்கும் சக்தி அத்தனையையும் தானே சுத்தமான வழியில் உண்டாக்கிக்கொள்ளும் வீடு. அந்தக் கணக்கில் கரண்ட் மட்டும் இல்லை, அடுப்பில் எரியும் காஸும் இருக்கிறது. நாமோ பில்லில் பூச்சியம் விழுந்த அன்றைக்கே வேலை முடிந்ததென்று நினைத்துவிடுகிறோம்.

கூரையிலிருந்து தொடங்குவது

எல்லாப் பிழைக்கும் தாய்ப்பிழை இதுதான். ஆகவே இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சோலார் போட முடிவெடுத்ததும் நாம் முதலில் அண்ணாந்து பார்க்கிறோம். பார்க்க வேண்டியது வீட்டுக்குள். சாதாரண மின்விசிறி ஒன்று 75 வாட் அளவில் இழுக்கும். பீஎல்டிசி எனும், குறைந்த கரண்டில் ஓடும் மோட்டர் வைத்த விசிறி அதே காற்றை 30 வாட்டில் தரும். நம் ஊர் வீடுகளில் விசிறி ஒரு நாளில் 12 மணி நேரமாவது சுற்றும். ஐந்து விசிறியை மாற்றினால் நாளொன்றுக்கு 2.7 யூனிட் மிச்சம், மாதத்துக்கு 80 யூனிட். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட், மாதத்துக்கு 120 யூனிட் தரும். அந்த ஐந்து விசிறியை மாற்றுவதும் கூரையில் ஒரு கிலோவாட்டின் மூன்றில் இரண்டு பங்கை ஏற்றியதற்குச் சமம். உப்புக்காற்றும் அவற்றைத் தின்னாது, மின்சார சபையின் அனுமதியும் தேவையில்லை.

மாமி வீட்டுக் கணக்கு எனக்கு மனப்பாடம். மாதம் 210 யூனிட் ஓடியது. விலை சொல்ல வந்தவர்கள் 5 கிலோவாட் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அது மாதம் 600 யூனிட் தரக்கூடியது. 210 யூனிட் வீட்டுக்கு எதற்கு அது? நாங்கள் நான்கு விசிறியை மாற்றினோம். இரவெல்லாம் இரைந்துகொண்டிருந்த பழைய ஃபிரிட்ஜைக் கொடுத்துவிட்டு இன்வேட்டர் ஃபிரிட்ஜ் எடுத்தார்கள். மூன்றாம் மாதம் பில் 100 யூனிட்டுக்கு வந்தது. காஸை விட்டு மின்னடுப்புக்கு மாறுவதற்கும் சேர்த்து 2 கிலோவாட்டே போதும் என்று முடிவானது. மிஞ்சிய காசில் கூரைச் சீற்றை மாற்றினார்கள்.

யூனிட்டைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் வீட்டுப் பில் படிப்படியாக விலை ஏறும் பில்: மாதம் 60, 90, 120, 180 யூனிட் என்று படிகள். 60ஐத் தாண்டினாலே முதல் யூனிட்களுக்கான மலிவு விலையும் கைவிட்டுப் போகிறது. 180க்கு மேல் போவதுதான் ஆகக் கூடிய விலை. மேல் படியில் ஒரு யூனிட்டை மிச்சம் பிடிப்பதும் கீழ்ப் படியில் மிச்சம் பிடிப்பதும் ஒன்றல்ல.

வெக்கையைக் குறைக்காமல் ஏசி பூட்டுவதும் இதே வகைப் பிழை. அஸ்பெஸ்டஸ் சீற்றும் தகரமும் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து இரவில் நம் தலையில் இறக்கும். வெள்ளைப் பூச்சும், நல்ல சீலிங்கும், கூரை உச்சியில் சூடு வெளியேற வழியும் இருந்தால் கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் அறையில் இருக்கலாம். வெள்ளித்தாளைச் சீற்றோடு ஒட்ட வைத்து அடிப்பதைப் பல இடங்களில் கண்டேன். அது வீண் செலவு. வெள்ளித்தாள் சூட்டைத் தடுப்பதற்கு அதன் மினுங்கும் பக்கத்தில் காற்று இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் சூடு அப்படியே கடந்து வரும்.

வெயில் இருந்தால் கரண்ட் இருக்கும் என்று நம்புவது

மாமியின் கேள்விக்கு விடை இது. பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டிதான் இன்வேட்டர். சாதாரண இன்வேட்டர் மின்சார சபையின் லைனைப் பார்த்து, அதன் தாளத்துக்குத்தான் கரண்ட் தரும். லைன் செத்தால் அதுவும் நொடியில் நின்றுவிட வேண்டும், சட்டமே அதுதான். நிற்காமல் லைனுக்குள் கரண்டைத் தள்ளினால், தூணில் ஏறி வேலை செய்பவரின் உயிர் போகும். ஆகவே இது குறையல்ல, பாதுகாப்பு. ஆனால் காசு கொடுக்குமுன் தெரிந்திருக்க வேண்டிய பாதுகாப்பு.

கரண்ட் கட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் லைன் இல்லாமலும் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றறியும் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்ததை மறக்காதவர்கள் இங்கே எதிர்ப்பக்கப் பிழையை விடுகிறார்கள்: வீடு முழுவதையும் பற்றறியில் ஓட்டப் பார்க்கிறார்கள். மூன்று விசிறி, ஃபிரிட்ஜ், நாலு விளக்கு, வைஃபை. ஓர் இரவுக்கு இவ்வளவும் 2 யூனிட் அளவில் அடங்கும். இவற்றுக்குத் தனி வயரிங் பிரித்து, அதற்கு மட்டும் லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றறி வைத்தால் செலவு கைக்குள் நிற்கும். மோட்டரையும் இஸ்திரிப்பெட்டியையும் அந்த வயரிங்கில் சேர்க்காதீர்கள். பற்றறியைச் சீற்றுப் போட்ட ஸ்டோர் அறைக்குள் வைப்பதும் ஆகாது. சூடு அதன் ஆயுளைத் தின்னும். ஈய அமிலப் பற்றறியானால் 10 பாகை சூடு கூட, ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு.

கொழும்புக்குச் செய்ததை இங்கே செய்வது

எழுவான்கரை ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. கல்லடியிலோ காத்தான்குடியிலோ காரைதீவிலோ சைக்கிள் செயின் எத்தனை மாதத்தில் துருவேறும் என்று பாருங்கள். கூரைக்கு மேல் ஏறும் ஆணிக்கும் அதே காற்றுத்தான். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்பு நட்டை இறுக்கினால் இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் உப்பு ஈரத்தால் அரிப்பு விரைவாகும். 316 தரத் துருப்பிடியாத உருக்கு நட்டும் போல்ட்டும்தான் வேண்டும். பனல் உப்புப் பனிச் சோதனையான ஐஇசி 61701இல் தேறியதா என்று எழுத்தில் கேளுங்கள். இன்வேட்டரைக் கடற்காற்று நேரே அடிக்கும் சுவரில் வைக்க வேண்டாம். வெயில் படும் சுவரும் வேண்டாம்.

உப்பு மெதுவாகக் கொல்லும். காற்று ஒரே இரவில் கொண்டுபோகும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பார்த்த வயதானவர்கள் எந்த வீட்டிலும் ஒருவராவது இருப்பார். கூரைகள் பறந்ததை அவர்களிடம் கேளுங்கள். ஒரு பனல் 27 கிலோ அளவில் இருக்கும், அதன் அகலம் காற்றுக்கு ஒரு பாய்மரம். சீற்றில் மட்டும் திருகி நிறுத்திய சட்டம் அந்தக் காற்றுக்குச் சீற்றோடு சேர்ந்து போகும். சட்டத்தின் பிடி கைமரத்தில் இருக்க வேண்டும், மெல்லிய ரீப்பையில் அல்ல. கூரையின் ஓரத்திலும் மூலையிலும்தான் காற்று ஆகக் கூடுதலாக மேலே உறிஞ்சும். ஒரு பனலைக் கூட்டிப் போடும் ஆசையில் ஓரம் வரைக்கும் நீட்டாமல் ஓரிரு அடி உள்ளே நிறுத்துங்கள். சீற்றுக்கும் பனலுக்கும் இடையே நாலைந்து அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். பனலின் சூடு 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் ஆற்றல் 0.3 முதல் 0.4 வீதம் குறையும். நம் மத்தியான வெயிலில் பனல் 60 பாகையைத் தொட்டால் எட்டில் ஒரு பங்கு அப்படியே போய்விடும்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றில் துளை போடுவது பற்றி ஒன்று. அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. பனல் 25 வருடம் இருக்கும். வெடித்த சீற்று இருக்காது. கூரையை மாற்ற வேண்டுமானால் பனல் ஏறுமுன் மாற்றுங்கள்.

திசையைப் பற்றி வீணாகக் கவலைப்படுகிறார்கள். நாம் 7.7 பாகை வடக்கில் இருக்கிறோம், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை உச்சி வெயில் நமக்கு வடக்கால்தான் போகிறது. 10 பாகைச் சரிவு போதும். கிழக்கு, மேற்குக் கூரைகளிலும் இழப்பு சொற்பம். கவலைப்பட வேண்டியது தென்னையைப் பற்றி. பனல்கள் மாலைபோல் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்றில் விழும் ஓலை நிழல் முழு வரிசையையும் இழுக்கும். காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் கூரையின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு இடம் குறியுங்கள். நிழலைத் தவிர்க்கவே முடியாவிட்டால் பனலுக்கொன்றாக மைக்ரோ இன்வேட்டர் கேளுங்கள். காய்க்கிற தென்னையைச் சோலாருக்காக வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

லைனைக் கேட்காமல் வாங்குவது

பனலை இறக்கிய பிறகு அனுமதிக்கு ஓடியவர்கள் உண்டு. உங்கள் ஒழுங்கையின் டிரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நீண்ட லைனின் கடைசி வீடுகளில் இரவில் வோல்ட்டேஜ் விழும், விளக்கு மங்கும். அதே லைனில் பத்து வீட்டுச் சோலார் ஏறினால் மத்தியானத்தில் வோல்ட்டேஜ் ஏறும். 230 வோல்ட்டுக்கு 6 வீதம் கூடக் குறைய என்பது வரம்பு. அதாவது 244ஐ ஒட்டி ஏறினால் இன்வேட்டர் லைனை விட்டு விலகி நின்றுவிடும், நல்ல வெயில் நேரத்தில்.

விற்பவர் காட்டும் “இத்தனை வருடத்தில் போட்ட காசு வரும்” என்ற தாளையும் அப்படியே நம்பாதீர்கள். 2016இல் கூரைச் சோலாருக்கான அரசுத் திட்டமான சூரிய பல சங்கிராமம் தொடங்கியபோது, வீட்டுச் செலவு போக மிஞ்சும் கரண்டை விற்கும் நிகரக் கணக்கு முறையில் யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாய், அடுத்த 13 வருடம் 15.50 ரூபாய் என்று ஒப்பந்தம். பிறகு சேர்ந்தவர்களுக்கு விலை பலமுறை மாறிவிட்டது. நீங்கள் கையெழுத்திடும் தாளில் இருக்கும் விலையே உங்கள் விலை. பக்கத்து வீட்டாரின் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பில்லில் யூனிட் மட்டுமல்ல, ஒரே நேரத்தில் ஆகக் கூடுதலாக இழுக்கும் அளவுக்கான கேவிஏ கட்டணமும் இருக்கிறது. சோலார் முன்னதைக் குறைக்கும், பின்னதை அவ்வளவாகக் குறைக்காது. அந்தக் கேவிஏயைக் குறைக்கும் கெப்பாசிட்டர் பாங்க் மோட்டர்களுக்குச் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பகலில் விற்று இரவில் வாங்குவது

வருடக் கணக்கில் பூச்சியம் வந்தாலும், மாலை 6.30 முதல் 10.30 வரை நாடே விளக்குப் போடும் நேரத்தில் நாம் இழுக்கும் கரண்ட், நிலக்கரியிலும் எண்ணெயிலும் இருந்தும் கணிசமாக வருகிறது. பகலிலோ கரண்ட் வழிகிறது. 2025 சித்திரை வருடப் பிறப்பு நாட்களில் தேவை குறைந்துபோய், கூரைச் சோலாரை மாலை 3 மணி வரை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஆகவே கிணற்று மோட்டர், உடுப்புக் கழுவும் மெஷின், இஸ்திரி எல்லாவற்றையும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் ஓட்டப் பழகுங்கள். தாங்கி நிறையத் தண்ணீர் இருந்தால் அதுவும் ஒரு பற்றறிதான்.

சமையலும் அந்த நேரத்துக்கே பொருந்தும், நம் வீடுகளில் சோறு கறி மத்தியானத்துக்கு முன்தானே ஆகிறது. 12.5 கிலோ காஸ் சிலிண்டரில் ஏறத்தாழ 160 யூனிட் சூடு இருக்கிறது; அதில் பாதியளவே சட்டிக்குப் போகும். இண்டக்ஷன் அடுப்பில் அதே சமையல் 95 யூனிட் அளவில் முடியும். சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும் வீட்டுக்கு மாதம் 60, 65 யூனிட். இதைக் கணக்கில் சேர்க்காமல் பனல் அளவைத் தீர்மானிப்பதுதான் பிழை. மண்சட்டி இண்டக்ஷனில் சுடாது, அலுமினியமும் அப்படியே. மீன் கறியை மண்சட்டியில் வைக்கும் வீடுகள் இன்ஃப்ரா ரெட் அடுப்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம்.

பூட்டியதோடு மறப்பது

மாரியில் மழை கழுவிவிடும். கோடையில் உப்பும் புழுதியும் படலமாகப் படியும். காகத்தின் எச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. விடியலிலோ பொழுது சாய்ந்த பிறகோ கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்நீர் ஊற்றக் கூடாது. உவர்க் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைக் கறை விடும், பிடித்து வைத்த மழைநீர் நல்லது. எர்த் கம்பியின் தடையை ஆகஸ்ட் மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள். மணல் காய்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அதன் உண்மை தெரியும், ஐப்பசி இடி வருவதற்கு முன் திருத்தவும் நேரம் இருக்கும்.