மளிகைக் கடையில் மொத்த இலாபம் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பாக்கெட் உப்பு விற்கும்போதெல்லாம் அதன் அடக்கவிலையையும் எழுதிக்கொண்டிருக்க மளிகைக் கடையில் யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால்தான் சிறிய கடைகளுக்குக் காலமுறை சரக்கிருப்பு முறை ஏற்றது. மாதக் கடைசியில் ஒருமுறை இருப்பு எடுத்து, விற்ற சரக்கின் அடக்கத்தைக் கழித்தல் கணக்கில் பிடிப்பதுதான் இந்த முறை. விற்பனையிலிருந்து அந்த அடக்கத்தைக் கழித்தால் வருவதே மொத்த இலாபம். ஒரு கடையின் ஏப்ரல் மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை.

முதல் படி: தொடக்கச் சரக்கிருப்பு

மார்ச் 31 இரவு எண்ணிய இருப்புதான் ஏப்ரல் 1-இன் தொடக்க இருப்பு. ரூ. 4,20,000 என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: நிகரக் கொள்முதல்

மாதம் முழுவதும் வந்த கொள்முதல் பில்களைக் கூட்டுங்கள். பணம் கொடுத்தாகிவிட்டதா, கடனா என்பது இங்கே பொருட்டல்ல. நம் கடையில் ரூ. 6,50,000. சரக்கைக் கடைக்குக் கொண்டுவர ஆன லாரி வாடகையும் இறக்குக்கூலியும் ரூ. 10,000, இதைக் கூட்ட வேண்டும். வாடிக்கையாளர் வீட்டுக்கு மூட்டை அனுப்பும் ஆட்டோ செலவை இதில் சேர்க்கக் கூடாது. அதன் இடம் இலாப நட்டக் கணக்கு.

வண்டு விழுந்தது என்று திருப்பி அனுப்பிய பருப்பு ரூ. 12,000; இது கழியும். பலரும் மறப்பது அடுத்ததை. வீட்டுச் சமையலுக்குக் கடையிலிருந்து எடுத்துப்போன அரிசி, எண்ணெய் எல்லாம் அடக்கவிலையில் ரூ. 8,000. அதையும் கொள்முதலிலிருந்து கழித்து, உரிமையாளரின் எடுப்பாக எழுத வேண்டும். ‘நம் கடைதானே’ என்று விட்டுவிட்டால், நீங்கள் சாப்பிட்டது விற்ற சரக்கின் அடக்கத்தில் போய் உட்காரும். இலாபம் குறைந்து தெரியும்.

நிகரம்: ரூ. 6,40,000.

ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கொடுத்த வரியை, தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுப்பவர்கள் கொள்முதல், விற்பனை இரண்டையும் வரி நீக்கி எழுத வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை) இருப்பவர்களுக்கு அந்த வரவு கிடையாது; கொள்முதலில் கொடுத்த வரி அவர்களுக்கு அடக்கத்தில் சேரும்.

மூன்றாம் படி: இருப்பு எடுப்பது

உண்மையான வேலை இதுதான். கடையைச் சாத்திய பிறகு, ஏப்ரல் 30 இரவே செய்யுங்கள். ஒருவர் எண்ணட்டும், இன்னொருவர் எழுதட்டும். பாதி காலியான பருப்பு மூட்டையை எடை போடுங்கள். கண்ணால் பார்த்து ‘இருபது கிலோ இருக்கும்’ என்பது கணக்காகாது. குடோன், பரண், படிக்கட்டின் அடி எதையும் விடாதீர்கள்.

பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யை வைத்து மதிப்புப் போடக் கூடாது. இன்னும் விற்காத சரக்கிற்கு இப்போதே இலாபம் எழுதுவதாகிவிடும். அடக்கவிலை, விற்றால் கைக்கு வரக்கூடிய நிகரத் தொகை, இரண்டில் எது குறைவோ அதையே போடுங்கள். காலாவதியாகித் திருப்பவும் முடியாத பிஸ்கட்டுக்கு மதிப்பு பூஜ்யம்தான். மனம் கேட்காது, ஆனாலும் பூஜ்யம்தான்.

மாதக் கடைசி லாரி ஒரு தனித் தலைவலி. 30-ஆம் தேதி இரவு இறங்கிய சரக்கை எண்ணிவிட்டு, பில்லை மட்டும் மே மாதத்தில் எழுதினால் ஏப்ரல் இலாபம் பொய்யாக வீங்கும். சரக்கும் பில்லும் ஒரே மாதத்தில் இருக்க வேண்டும்.

எண்ணி முடித்ததில் இறுதி இருப்பு ரூ. 4,40,000.

நான்காம் படி: கழித்தல்

தொடக்க இருப்பு: 4,20,000
கூட்டு, நிகரக் கொள்முதல்: 6,40,000
விற்பனைக்கு இருந்த சரக்கு: 10,60,000
கழி, இறுதி இருப்பு: 4,40,000
விற்ற சரக்கின் அடக்கம்: 6,20,000

விற்பனை ரூ. 7,20,000, வாடிக்கையாளர் திருப்பியது ரூ. 5,000, நிகரம் ரூ. 7,15,000. கடனுக்கு விற்றதும் விற்பனைதான் என்பதால் கல்லாவை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். மொத்த இலாபம் ரூ. 95,000, அதாவது விற்பனையில் 13.3 சதவீதம். அடக்கத்தின் மேல் கணக்கிட்டால் இதே தொகை 15.3 சதவீதம், மொத்த வியாபாரியுடன் பேசும்போது எந்தச் சதவீதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடை வாடகை, சம்பளம், மின்கட்டணம் இன்னும் கழியவில்லை.

சதவீதம் திடீரென்று விழுந்தால்

விலை மாறாமல் 13.3 சதவீதம் 9.1 ஆகிவிட்டது என்றால் முதலில் எண்ணிக்கைத் தாளைப் பாருங்கள். குடோனில் ரூ. 30,000 அரிசியை எண்ண மறந்தாலே இலாபம் ரூ. 65,000 ஆகச் சுருங்கி அந்த இடத்துக்கு வந்துவிடும். தாள் சரி, பில்களும் சரி என்றால் எலி, எடைக்குறைவு, களவு பக்கம் திரும்புங்கள். இந்த முறையின் பலவீனம் இங்கேதான்: அலமாரியில் இல்லாதது எல்லாம் விற்றுப்போனதாகவே கணக்கு எடுத்துக்கொள்ளும்.

மறந்த அரிசி மே மாதத்தில் விற்கும்போது, அடக்கமே இல்லாத சரக்குபோல அந்த மாத இலாபத்தை அதே ரூ. 30,000 உயர்த்திக் காட்டும். எண்ணிக்கைத் தாளைத் தேதி போட்டு, எண்ணியவரிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். மே மாதக் கணக்கின் முதல் வரி அதிலிருந்துதான் வரவேண்டும்.