"சிஜியில பார்த்துக்கலாம்": விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு படத்தின் விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவு) வேலைகளை மேற்பார்வையிடும் சூப்பர்வைசர் ஆக ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நியூக் படிக்கணுமா, ஹூடினி படிக்கணுமா?" என்று, இந்த வேலைக்கான மென்பொருள்களைப் பற்றித்தான். ஏதாவது ஒன்றில் ஆழமான பழக்கம் இருந்தே ஆக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு படத்தின் சிஜி (கணினியில் உருவாக்கும் காட்சி) சொதப்பலாகத் தெரிவதற்கான காரணத்தைத் தோண்டிப் பார்த்தால், பல நேரம் அது படப்பிடிப்புத் தளத்தில் போய் நிற்கும். யாரோ "சிஜியில பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருப்பார்கள். சூப்பர்வைசர் பேசாமல் இருந்திருப்பார்.

முதல் தவறு அந்த மௌனம்தான். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், நடிகரின் கால்ஷீட் முடியப்போகும், பின்னால் கட்டிய கிரீன் மேட்டில் (அந்த நிறத்தைக் கணினியில் நீக்கிவிட்டு வேறு பின்னணி வைப்பதற்கான பச்சைத் துணி) சுருக்கமும் நிழலும் விழுந்திருக்கும். அதை இழுத்துக் கட்டி, இரண்டு லைட்டைத் திருப்பி வைக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்கத் தயங்கினால், பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபிரேமாக உருவத்தை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். ஐந்து விநாடி ஷாட், விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 120 ஃபிரேம். எடிட்டருக்காக முன்னும் பின்னும் எட்டு ஃபிரேம் விட்டால் 136. அதில் கதாநாயகியின் தலைமுடி வேறு காற்றில் பறக்கிறது என்று வையுங்கள். இந்தக் கணக்கைத் தளத்திலேயே, தயாரிப்பு நிர்வாகிக்குப் புரிகிற மாதிரி ரூபாயில் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல சூப்பர்வைசர். தொழில்நுட்பம் பேசினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். செலவைச் சொன்னால் காத்திருப்பார்கள்.

உடை விஷயத்தில் முன்கூட்டியே தலையிடாததும் இதே வகைதான். பச்சைப் பட்டுப் புடவையில் ஒரு பாடல் காட்சி என்று தெரிந்த நாளிலேயே நீல மேட்டுக்கு மாறச் சொல்லிவிட வேண்டும். வாழைத் தோப்பு, நெல் வயல் பக்கத்தில் எடுக்கும்போதும் அப்படியே. நடிகரை மேட்டுக்கு மிக நெருக்கமாக நிறுத்தினால் அந்த நிறம் தோளிலும் கன்னத்திலும் பட்டுத் தெறிக்கும்; சில அடி முன்னால் தள்ளி நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

அடுத்தது, தகவல் எடுக்காமல் கிளம்பிவிடுவது. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். எந்த லென்ஸ், கேமரா எவ்வளவு உயரம், எவ்வளவு சாய்வு, ஃபோகஸ் எத்தனை அடி என்பதை ஒவ்வொரு டேக்குக்கும் குறித்துவைக்க வேண்டும். ஜூம் லென்ஸ் என்றால் கூடுதல் கவனம். எந்த அளவில் நின்றது என்று யாரும் குறிக்காவிட்டால், மேட்ச்மூவ் செய்பவர், அதாவது கேமராவின் அசைவைக் கணினியில் அப்படியே திரும்ப உருவாக்குபவர், ஊகத்தில்தான் ஓட்ட வேண்டும். டேக் முடிந்ததும் குரோம் பந்தையும் சாம்பல் பந்தையும் கேமரா முன்னால் பிடித்துப் பதிவு செய்யுங்கள். எந்தத் திசையிலிருந்து என்ன வெளிச்சம் வந்தது என்பதை முதலாவது காட்டும். அந்த வெளிச்சம் ஒரு பரப்பில் எப்படி விழுந்தது, நிழல் எவ்வளவு கடுமை என்பதை இரண்டாவது காட்டும். இவை இல்லாமல் வரும் சிஜி புலியோ யானையோ எவ்வளவு அழகாகச் செய்தாலும் காட்சியில் ஒட்டாமல் நிற்கும். நடிகர் இல்லாமல் அதே இடத்தை மட்டும் எடுக்கும் கிளீன் பிளேட்டையும் மறக்காதீர்கள். கேமரா நகரும் ஷாட்டில் அது கச்சிதமாகப் பொருந்தாதுதான், ஆனாலும் எடுத்து வையுங்கள். நடிகரைத் தாங்கிய கயிறைக் கணினியில் அழிப்பவர் உங்களை வாழ்த்துவார்.

சரி, பணத்துக்கு வருவோம். ஷாட் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்வது ஆபத்தானது. எடிட் முடிவாகாமல் வேலையைத் தொடங்கினால், ரோட்டோ (ஒவ்வொரு ஃபிரேமாக உருவத்தை வெட்டி எடுக்கும் வேலை) எல்லாம் முடிந்தபிறகு "இங்க ஸ்லோமோஷன் வைக்கலாமே" என்பார்கள். ஃபிரேம் கணக்கே மாறிவிடும். எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் போனால் என்ன கட்டணம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கியவர்கள் அவர்கள். 2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அந்தப் படம் விஎஃப்எக்ஸுக்கான ஆஸ்கரை வென்றது. காரணங்கள் பல இருந்தாலும், நிலையான தொகைக்குப் பேசிவிட்டு முடிவில்லாத மாற்றங்களைச் சுமக்கும் நடைமுறை குறித்து அன்று உலகம் முழுக்க விஎஃப்எக்ஸ் கலைஞர்கள் குரல் எழுப்பினார்கள்.

கலைஞர்களிடம் "இன்னும் ரியலா வேணும்" என்று சொல்லி அனுப்புவதும் பெரிய தவறு. அதைக் கேட்டு அவர் என்ன செய்வார்? நிழல் மென்மையாக இருக்கிறதா, கருமை நிறம் கேமராவில் எடுத்த பிளேட்டோடு பொருந்தவில்லையா, எடை தெரியாமல் நடக்கிறதா என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். முடிந்தால் உண்மையான ஒரு புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 2024-இல் ஆஸ்கர் வென்ற 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்தில் 610 விஎஃப்எக்ஸ் ஷாட்கள். செய்தவர்கள் 35 பேர். இயக்குநர் தகாஷி யமஸாகியே சூப்பர்வைசராகவும் இருந்தார். முடிவெடுப்பவர் பக்கத்திலேயே இருந்ததால், ஒரு ஷாட்டுக்குச் சரி வாங்க நாலு படி ஏறி இறங்க வேண்டியிருக்கவில்லை. எல்லாப் படத்திலும் இது நடக்காது. ஆனால் இயக்குநர் என்ன நினைக்கிறார் என்பதைத் தெளிவாக வாங்கிவந்து கலைஞரிடம் சேர்ப்பது உங்கள் வேலை.

அப்புறம், அவசரம். இரண்டு வருடம் கம்ப் (எடுத்த காட்சியையும் சிஜியையும் ஒரே ஷாட்டாகச் சேர்க்கும் வேலை) செய்துவிட்டு சூப்பர்வைசர் என்று கார்டு அடித்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தளத்தில் தகவல் சேகரிக்கும் உதவியாளராகச் சில படங்கள் போங்கள். ஒளிப்பதிவாளர் எப்படி யோசிக்கிறார் என்பது அங்கேதான் பிடிபடும். ஒரு சாதாரண கேமராவை வாங்கி நீங்களே படம் எடுத்துப் பழகுங்கள். உங்கள் வேலையைக் காட்டும் ஷோரீலில் அடுத்தவர் செய்த ஷாட்டைப் போடாதீர்கள். ஒரு ஷாட்டில் நீங்கள் ரோட்டோ மட்டும் செய்திருந்தால், கீழே "ரோட்டோ மட்டும்" என்று எழுதிவிடுங்கள். இந்தத் துறை மிகச் சிறியது. சென்னையிலும் ஹைதராபாத்திலும் அந்த ஷாட்டை யார் செய்தது என்பது ரீலைப் பார்ப்பவருக்கு ஒரு போன் தூரத்தில் தெரிந்துவிடும்.